மேலே வந்த பிறகு

1

என் மகன் கிருபா கடலுக்கு அடியிலிருந்து மேலே வந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. பத்திரமாக வந்துவிட்டான் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். கூட முழுகியவர்கள் நினைத்தார்கள், அவன் அப்பாவும் நினைத்தார். நான் டியூட்டியில் இருந்தேன், எனக்கு நினைக்கக்கூட நேரமில்லை.

திண்டிவனத்திலும் மரக்காணத்திலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொல்லிவைத்திருப்பது வேறு கதை. பைக்கில் போகும்போது விழுந்துவிட்டான், முதுகில் அடி, இப்போது பரவாயில்லை. கதை கட்டியவர் என் வீட்டுக்காரர். அந்த இல்லாத பைக்கை ஒரு வருஷமாக எத்தனை பேர் திட்டிவிட்டார்கள் தெரியுமா! இவருடைய அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "மொதல்ல அந்த வண்டிய வித்துத் தொலைடா" என்று சத்தம் போடுவார். போன மாதம் இவர், "வித்துட்டேண்ணே" என்று சொல்லி முடித்தார். வாங்காத வண்டியை விற்றும் ஆகிவிட்டது.

எனக்கு அலுத்துவிட்டது. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் புதுச்சேரியிலேயே முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். கஞ்சா நம் ஊரில் கிடைக்காத பொருளும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று என் வீட்டில் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு பைக், முதுகு என்று சொல்லிக்கொண்டிருக்க இனி என்னால் ஆகாது. சொந்தக்காரர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும்.

2

மால்டா என்றால் ஊரில் "மாலத்தீவா?" என்று கேட்பார்கள். இல்லை. இது இத்தாலிக்குக் கீழே கிடக்கிற சின்னத் தீவு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது, எங்கே பார்த்தாலும் மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகளும் வெயிலும்தான். விழுப்புரத்தில் நர்ஸிங் படித்த நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வயசானவர்களைக் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் மறுபடியும் படுக்கவைப்பது என் வேலை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

என் வீட்டுக்காரர் ஏழுமலை மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தவர். இங்கே சூரை மீனைக் கடலுக்குள்ளேயே பெரிய வட்ட வலைகளில் அடைத்து, தீனி போட்டு, கொழுக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வலைகளைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. "புடிச்ச மீன அன்னிக்கே விக்காம சோறு போட்டு வளக்கறானுங்க பாரு" என்று வந்த புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். திண்டிவனத்துக் கிறிஸ்தவப் பெண்ணும் குப்பத்துப் பையனும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் இரண்டு வீட்டிலும் கதவு சாத்துவார்கள். எங்களுக்கும் சாத்தினார்கள். கிருபா பிறந்த பிறகு ஒரு பக்கம் முழுசாகவும் ஒரு பக்கம் பாதியாகவும் திறந்தது. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது இங்கே வந்துவிட்டோம்.

இங்கே எங்களை ஆட்டிவைப்பது ஒரு பிளாஸ்டிக் கார்டு. தங்குவதற்கான அனுமதி. வேலை இருந்தால்தான் கார்டு, கார்டு இருந்தால்தான் வேலை. புதுப்பிக்கப் போகும்போது கவுண்டரில் இருப்பவள் பக்கத்து மேசைக்காரியிடம் அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை பேசினாலே நான் கையிலிருக்கும் காகிதங்களை மறுபடியும் எண்ணுவேன். சின்னப் பிள்ளையாக இருந்த கிருபாதான் காதோடு காதாகச் சொல்லுவான், "ஒன்னுமில்லம்மா, மத்தியானம் என்ன சாப்பாடுன்னு பேசிக்கிறாங்க." அவனுக்கு அந்தப் பாஷை பால் குடித்த மாதிரி இறங்கிவிட்டது. தமிழ் எல்லாம் புரியும், ஆனால் விருந்துக்கு வந்தவன் மாதிரி அளந்து அளந்து பேசுவான். அவனைக் கூட்டிக்கொண்டு போகாமல் நாங்கள் ஒரு ஆபீசில் கால் வைத்ததில்லை. பிறகு அவனுக்குச் சலித்துவிட்டது. "நீங்களே போங்கம்மா, இங்கிலீஷ் பேசினா போதும்" என்றான். அன்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.

3

பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு டைவிங் பள்ளியில் சிலிண்டர் தூக்கச் சேர்ந்தான். அங்கேயே ஒவ்வொரு பரீட்சையாக எழுதி, சுற்றுலாவுக்கு வருகிறவர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. குப்பத்தில் வலை பாரில் மாட்டிக்கொண்டால், அதாவது கடலுக்கு அடியில் இருக்கிற பாறையில் சிக்கிக்கொண்டால், ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முழுகி எடுத்துவிட வேண்டும். இவர் படகில் அந்த ஆள் இவர்தான். படகில் இருக்கிறவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். தலை தெரிந்ததும் ஒரு பீடியைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"தல தெரிஞ்சிடுச்சின்னா கடலு உட்டுடுச்சின்னு அர்த்தம்" என்பார் இவர்.

கிருபா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு இவருக்குப் பாடம் எடுத்தான். "அப்பா, நீங்க மேல இழுத்த மூச்சோட போய் மேல வர்றீங்க. நாங்க அடியில போயி காத்து இழுக்கறோம். அவ்ளோ ஆழத்துல அந்தக் காத்து ரத்தத்துல ஊறிடும். மெதுவா வரணும், நடுவுல நின்னு நின்னு வரணும். அவசரப்பட்டு வந்தா..." பாட்டிலைக் குலுக்கி மூடியைத் திறந்தான். மேசையெல்லாம் நுரை. "உடம்புக்குள்ள இப்டி ஆகும். மேல வந்து ரொம்ப நேரம் கழிச்சிக்கூட ஆகலாம்."

"மேல வந்த அப்புறம் இன்னாடா ஆவும்? கப்ஸா உடாத" என்றார் இவர். மேசையைத் துடைத்தது நான்.

கஞ்சா விஷயம் அதற்குப் பிறகு வந்தது. இந்த நாட்டில் பெரியவர்கள் கொஞ்சம் கையில் வைத்திருந்தால் குற்றமில்லை, வீட்டில் நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம், தெருவில் பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் பின்பக்கத்து பால்கனியில் ஒரு தொட்டி. நான் ஏதோ ரோஜா வகை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாள் ஊற்றியிருப்பேன். பிறகு வாசனை வந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பொட்டலத்தோடு பிடிபட்டவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவள் நான். அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள்.  வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"லீகல்ம்மா. கடையில சிகரெட் வாங்கற மாதிரி" என்றான்.

"சட்டம் உட்டுச்சின்னு தண்ணிக்குத் தெரியுமாடா? நாளைக்கு நாலு பேர இட்டுக்கினு அடியில போறவன் நீ."

"டைவுக்கு முன்னாடி தொடமாட்டேன். ஸ்கூல்ல ரூல் இருக்கு. அடிச்சிட்டு யாரும் தண்ணில இறங்கக்கூடாது. எனக்குத் தெரியாதா?"

தெரியும். அவனுக்கு எல்லாம் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

4

அன்றைக்கு நடந்ததை அவனும் அவன் கூட்டாளியும் பிறகு சொன்னதிலிருந்து சேர்த்துச் சொல்கிறேன். தீவின் வடக்கு முனையில் ஒரு பழைய ரோந்துக் கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள், முழுகுகிறவர்கள் பார்ப்பதற்காக. அன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை, நண்பர்கள் தாங்களாகவே போனார்கள். முந்தின நாளும் முழுகியிருந்தான். வேனில் உட்கார்ந்து உடுப்பு மாட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பற்றவைத்து மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள். வேலை நாள் இல்லையே என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு.

கீழே கப்பலின் ஒரு ஜன்னலுக்குள் சின்னச் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டானாம். "டைம் போனதே தெரியலம்மா. அஞ்சு நிமிஷம்னு நெனச்சேன்." கையில் கட்டியிருந்த, ஆழமும் நேரமும் காட்டுகிற மீட்டர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. யாரோ எங்கேயோ கத்துகிற மாதிரி இருந்ததாம். காற்று குறைந்துவிட்டதைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் விறுவிறுவென்று மேலே வந்துவிட்டான். மேலே வந்ததும் சிரித்தானாம்.

கரையில் ஏறும்போதே தடுமாறியிருக்கிறான். காலில் எறும்பு ஊறுகிறது என்றிருக்கிறான். சாதாரணமாக ஒருத்தன் முழுகி எழுந்து அப்படிச் சொன்னால் அடுத்த நிமிஷம் படுக்கவைத்து மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுவார்கள். அதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆக்ஸிஜன் பெட்டி அந்த வேனிலேயே இருந்தது. ஆனால் இவன் இழுத்தது அவர்களுக்குத் தெரியும். அவர்களும் இழுத்தவர்கள். "சரக்கு ஸ்ட்ராங்கு" என்று சிரித்துவிட்டு, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டில் இவர் இருந்தார். கண் சிவப்பு, கால் நிலைகொள்ளவில்லை, சட்டையில் வாசனை. ஒரு மூச்சிலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாடா, அடிச்சியா?"

"கொஞ்சம்ப்பா."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு. வா, ஜல்தி."

குப்பத்தில் போதையில் வருகிறவனுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார். உச்சந்தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார். குளியலறையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினார். மோர் கரைத்துக் கொடுத்தார். போதை தெளிகிற வரைக்கும் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பது அங்கே ஆண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற ஒத்தாசை. இவருக்கு எத்தனை பேர் செய்தார்களோ, இவர் எத்தனை பேருக்குச் செய்தாரோ!

"அப்பா, வயித்த சுத்தி பெல்ட் போட்டு இறுக்கற மாதிரி இருக்குப்பா" என்றிருக்கிறான் பிள்ளை. "கால் என் கால் மாதிரியே இல்ல."

"அதெல்லாம் அந்த எழவு பண்ற வேல. படு, தெளிஞ்சிடும்."

இடைவேளையில் நான் போன் பண்ணினேன். "புள்ள வந்துட்டானா?"

"வந்துட்டான், வந்துட்டான். வெயில்ல அலைஞ்சது. அசந்து தூங்கறான்" என்றார் இவர். குரலில் துளி நடுக்கம் இல்லை. நான் நிம்மதியாகப் போய் ஒரு கிழவருக்கு சூப் ஊட்டினேன்.

5

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டேன். கிருபா படுக்கையிலிருந்து எழுந்து பாத்ரூம் போக முயன்றுகொண்டிருந்தான். இரண்டு எட்டு வைத்தான், கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மத்தியானத்திலேருந்து ஒன்னுக்கே வரலம்மா" என்றான், வெட்கத்தோடு.  காலும் போய், சிறுநீரும் நின்றால் முதுகுத்தண்டில் ஏதோ என்று தெரியாமலா நான் இத்தனை வருஷம் நர்ஸாக இருக்கிறேன்! "முழுகிட்டு எப்படா வந்த?" என்றேன். அவன் இவரைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவள், கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். எத்தனை மணிக்கு மேலே வந்தான், எவ்வளவு ஆழம், ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தானா. பிள்ளை முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். இவர் முந்திக்கொண்டார். "நோ நோ டாக்டர். குட் பாய். ஒன்லி ஸ்டமக் பெயின்."

விழுப்புரத்தில் நான் பயிற்சியில் இருந்தபோது கள்ளச்சாராயம் குடித்துவிட்டுச் சாகக் கிடப்பவனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூட வந்த அத்தனை பேரும் "வயித்து வலி" என்றுதான் சொல்லுவார்கள். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், கேஸாகும், வீட்டு மானம் போகும். அவனுக்குக் கண் தெரியாமல் போகிற வரைக்கும் வயித்து வலிதான். அதே குரலை இத்தனை கடல் தாண்டி, என் வீட்டுக்காரர் வாயில் கேட்டேன். நான் இவரையே பார்த்தேன். இவர் என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மேரி, அவன் கஞ்சா அடிச்சிருக்கான். எனக்கு மத்தியானமே தெரியும். தண்ணி ஊத்திப் படுக்கவச்சேன். சொல்லாத. கார்டு போயிடும். போலீசு வந்துடும்."

"இங்க அது குத்தமே இல்லைங்க!"

"அவுனுங்களுக்கு இல்ல. நமக்கு இருக்கும்."

அந்த வார்த்தை தப்பென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.  ஆனால் திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைச் சுளிக்கவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. "எங்களுக்கு நேரம்தான் முக்கியம். அவன் மேலே வந்ததிலிருந்து இவ்வளவு நேரம் போய்விட்டதே" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

அழுத்த அறை என்று ஒரு இரும்பு அறை. அதற்குள் உட்காரவைத்து, மறுபடியும் கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரி அழுத்தத்தை ஏற்றி, ஆக்ஸிஜன் கொடுத்து, மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். அவன் அவசரத்தில் தாண்டி வந்த வழியையெல்லாம் நிறுத்தி நிறுத்தித் திரும்ப நடத்திக் கூட்டி வருகிறார்கள். வட்டமான கண்ணாடி வழியே இவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இவர் பக்கத்தில் நிற்கவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றேன். இவரைப் பார்த்தால் அடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

6

பல வாரம் தினமும் அந்த அறை. பிறகு கைத்தடி, பிறகு கைப்பிடிச் சுவர், பிறகு வெறும் கால். "இவ்வளவு தேறியதே பெரிசு" என்றார்கள். வலது கால் திரும்பிவிட்டது. இடது பாதத்தின் அடிப்பகுதி மட்டும் மரத்தே கிடக்கிறது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடப்பான். ராத்திரியில் காலில் நெருப்பு ஓடுகிற மாதிரி எரியும் என்பான். அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கத்தைத் தருகிறது, எரிச்சலை எடுக்கவில்லை என்று மறுபடியும் பால்கனிக்குப் போனான். என்ன சொல்லித் தடுப்பது? வலி அவனுடையது. தொட்டி ஒன்று மூன்றானது.

வீட்டில் பேச்சு குறைந்தது. நான் இவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன், சாப்பாடு, பில், ஷிப்ட். இவர் குப்பத்துக்குப் போன் பண்ணினால் பைக் கதை ஓடும். பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் முழுகுகிறவர்களின் வீடியோ பார்ப்பான். நீலத் தண்ணீரின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாகத் தாழ்வாரத்தில் ஆடும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

கோடை தொடங்கும்போது சொன்னான். "நான் திரும்ப முழுகப் போறேன். டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா ஸ்கூல்ல திரும்ப எடுத்துக்குவாங்க."

"கால் சரியாகலியேடா."

"ஆயிடுச்சி. பாருங்க." கண்ணை மூடி, ஒரு கால் விரல் நுனியில் இன்னொரு குதிகாலை ஒட்டிவைத்து, நேர்கோட்டில் நடந்து காட்டினான். டாக்டர் அப்படித்தான் நடக்கச் சொல்லுவாராம். பல வாரமாக அறைக்குள் அதைப் பழகியிருக்கிறான். சுவரில் விரல் நுனி மட்டும் தொடுகிற மாதிரி.

"அம்மா, அது ஒன்னுதான் எனக்குத் தெரிஞ்ச வேல. தண்ணிக்குள்ள இருந்தாத்தான் நான் ஒழுங்கா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வந்து சும்மா உக்காந்தா போதும். எதுவும் சொல்லாதீங்க."

இவர் தலையாட்டினார். நான் இவரை நம்பவில்லை. மறுபடியும் "குட் பாய்" என்றுதான் சொல்லப்போகிறார், அன்றைக்கு மாதிரியே நான்தான் போட்டுடைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

7

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டாக்டர். கிருபாவைப் பார்த்ததும் எழுந்துவந்து கைகொடுத்தாள். முழங்காலைத் தட்டிப் பார்த்தாள், ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தாள், நடக்கச் சொன்னாள். நடந்தான். சுவரோரமாகவே, அழகாக நடந்தான். இடது பாதத்தில் ஊசி தொடும்போது அவள் தோள் லேசாக அசைவதை ஓரக்கண்ணால் பார்த்து "தெரிகிறது" என்றான். எனக்கு மட்டும் அது புரிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

"கஞ்சா?" என்று கேட்டாள்.

"அந்த நாளோடு விட்டுவிட்டேன்" என்றான், அவள் கண்ணைப் பார்த்து.

அவள் பேனாவை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. இவர் எழுந்து நின்றுவிட்டார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்ட மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு.

"டாக்டர், ஹி ஸ்மோக். எஸ்டர்டே ஆல்சோ. லெக் நாட் ஓகே. ஸ்லிப்பர் கோயிங், ஹி நாட் நோயிங். ப்ளீஸ், நோ வாட்டர்." பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஐ ஃபாதர்" என்றார்.

 டாக்டர் பேனாவை மூடினாள். கிருபா இவரைப் பார்க்கவே இல்லை. டாக்டரிடம் திரும்பி அவர்கள் பாஷையில் எதையோ வேகமாகச் சொன்னான். அவளும் அதிலேயே மெதுவாகப் பதில் சொன்னாள். சின்ன வயதில் கவுண்டரில் காதோடு சொல்லிக் கொடுத்த பிள்ளை, நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே எங்களுக்குப் புரியக்கூடாது என்று அந்தப் பாஷையில் பேசினான். சர்ட்டிபிகேட் கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில்தான் வெடித்தான்.

"அன்னிக்கு எனக்காகப் பொய் சொன்ன இல்ல? இன்னிக்கு மட்டும் எதுக்குப்பா உண்மை?"

"அன்னிக்கி சொன்ன பொய்யிதான்டா உன் கால்ல கீது" என்றார் இவர்.

 இத்தனை மாதமாக இவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போய்விட்டது. மிச்சப் பாதி போகாது. அது பிள்ளையின் பாதத்தில் உணர்ச்சி திரும்பினால்தான் போகும்.

அந்த வாரமே கிருபா வீட்டைவிட்டுப் போனான். தெற்குப் பக்கம் நண்பர்களோடு ஒரு பிளாட். தொட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். மூன்றாவது தொட்டியை எடுத்துப் போகும்போது இவர் ஒரு பக்கம் பிடிக்கப் போனார். "வேணாம்" என்றான். எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்புவான். சாப்பிட்டேன், வேலை பார்க்கிறேன், சரி. வேறொரு இடத்தில் சிலிண்டர் நிரப்புகிறானாம். முழுகுகிறானா என்று கேட்டால் பதில் வராது. சர்ட்டிபிகேட் கேட்காமல் இறக்கிவிட நண்பர்கள் போதும்.

8

கிருபா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு லீவு என்றால் வீட்டில் இருப்பதில்லை. மீன் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தூண்டில் மூலையிலேயே இருந்தது. போன வாரம் எனக்கும் லீவு வந்தது, கூடவே போனேன். வடக்கு முனைக்குப் போகிற பஸ். கப்பல் மூழ்கிக் கிடக்கிற இடத்துக்கு மேலே ஒரு பாறை. இவர் போய் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். பையில் தண்ணீர் பாட்டில், வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

வேன் வேனாக வந்து இறங்கினார்கள். உடுப்பு மாட்டி, சிலிண்டரைத் தூக்கி, இரண்டு இரண்டு பேராகத் தண்ணீருக்குள் போனார்கள். இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேலே வந்து கரை ஏறியபோதும் பார்க்கவில்லை. அவர்கள் உடுப்பைக் கழற்றி, காபி குடித்து, வேனுக்கு நடந்து போகும்போதுதான் பார்த்தார். கால்களைப் பார்த்தார். ஒவ்வொருவர் நடையையும், கடைசி ஆள் வேனில் ஏறிக் கதவைச் சாத்துகிற வரைக்கும்.

"எல்லா ஞாயித்துக்கெழமையும் இதே வேலதானா?" என்றேன்.

"ம்."

மத்தியானம் ஒரு வெள்ளை வேன் வந்தது. கிருபா சிலிண்டரோடு இறங்கினான். இடுப்பு வரைக்கும் ரப்பர் உடுப்பு மாட்டியிருந்தான், மேல்பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தான். எனக்கு ஓடிப்போய்த் தொட வேண்டும் போலிருந்தது. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

இவர் எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். திட்டப்போகிறார், அழப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. குப்பத்தில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரலில், அத்தனை வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பார்க்க, கேட்டார்.

"இன்னிக்கி அடிச்சியா?"

கிருபா சிலிண்டரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவன் நண்பர்களில் ஒருவன் என்ன விஷயம் என்று கேட்டான். கிருபா கையை அசைத்து அவனைப் போகச் சொன்னான்.

"செருப்பக் கழட்டு. இந்தக் கல்லு மேல கண்ண மூடிக்கினு நடந்து காட்டு. நீ நடந்துட்டன்னா நான் பஸ் ஏறிப் போயிடறேன். உன் வழிக்கு வரமாட்டேன்."

நெருஞ்சி மாதிரி கூராக நிற்கிற கல். தொடுவதற்குச் சுவர் கிடையாது. கிருபா அதைப் பார்த்தான், தன் பாதத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். கூட்டாளிகள் அவன் இல்லாமல் இறங்கினார்கள். இவர் வேன் கதவுக்கு வெளியே நின்றார், வெயிலில், அவர்கள் மேலே வருகிற வரைக்கும். வேன் கண்ணாடி ஒரு தடவைகூட இறங்கவில்லை.

அன்றைக்கு அவன் தண்ணீரில் இறங்கவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருகிற ஞாயிறு எனக்கு டியூட்டி, இவர் மட்டும்தான் போவார். அதற்கடுத்த வாரம் இவருக்கும் டியூட்டி.